மழை விடும்வரை

எனக்கு ஸ்வரம் வாசிக்கத் தெரியாது.
கம்ப்யூட்டர் அறைச் சாவி என்னிடம் இருக்கிறது,
அவ்வளவுதான் தகுதி.
பிரிசில்லா டீச்சருக்கு எட்டாம் மாதம்.
பண்டாரவளையில் படுத்தபடி போனில் சொல்வார்:
"பதின்மூன்றாம் கட்டத்தில் அந்த 'பி'யை அழியுங்கள்,
அது எழுத்தில்லை, பிளாட்.
வயிறு கீழே கூராக இருக்கும்,
என்னுடையதைப் போல இல்லை."
சிரித்தார். அழித்தேன்.
குறிப் பட்டியலைத் திறந்தால்
எறும்புப் புற்றை மிதித்த மாதிரி இருந்தது.

பாட்டு வரிகளை யாரோ பாமினியில் அடித்திருந்தார்கள்.
ஒட்டியதும் திரை முழுக்க ஆங்கிலக் குப்பை,
புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி.
முதலிலிருந்து அடித்தேன், இரண்டு விரலால்.

கொழுந்து.
மூன்று ஸ்வரத்துக்கு மூன்று துண்டு.
முதல் துண்டிலேயே உடைந்தது:
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் மொட்டையாய் ஒரு க.
அப்பா கொழும்பில், அம்மா குவைத்தில்,
வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான்.
எழுத்துருவை மாற்றினேன்.
கொ ஒன்றுசேர்ந்தது,
எழுத்துக்கு அது போதும்.

ழுந் என்பதில் வேறு தொல்லை.
ந்-இன் புள்ளி மேலேறி
தொங்கிக்கொண்டிருந்த ஸ்வரத்தை முட்டியது.
பிரிண்ட் கொடுத்த அன்று
விதுர்சன் அந்த இடத்தில் ரெக்கோடரை
வெடுக்கென்று வெட்டி ஊதினான்.
"புள்ளி இருக்கே சேர், குறுக்கத்தானே வேணும்?"
அது மெய்யெழுத்தின் புள்ளியடா.
"மெய்க்கும் அரை மாத்திரைதானே சேர்."
பதில் இல்லை என்னிடம்.
வரியை இரண்டு மில்லிமீட்டர் இறக்கினேன்.

'மென்மையாக' என்பது சாய்வெழுத்தில் வர வேண்டுமாம்.
தமிழுக்குச் சாய்வெழுத்து இந்த மென்பொருளில் இல்லை,
இருக்கிற எழுத்தைத் தோளில் பிடித்துத் தள்ளுகிறது.
படம் எடுத்து அனுப்பினேன்.
"விடுங்கள், லிந்துலையில் எது நேராக நிற்கிறது?"

நாலாம் பக்கம், நாற்பத்தோராம் கட்டம்.
"இதில் ஒரு நிறுத்தம். புள்ளி, மேலே வில்."
பட்டியலில் இருந்தது, பெர்மாட்டா என்று.
குடைக்குள் ஒரு தலை.
"அதன் மேல் எழுதுங்கள்: மழை விடும்வரை."
விளக்கம் கேட்கவில்லை.
எங்கள் மண்டபக் கூரை தகரம்.
இரண்டு மணிக்குப் பிறகு ஒத்திகை என்றால்
அந்த இடத்தில்தான் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு
அண்ணாந்து பார்ப்பார்கள்.
பதினான்கு புள்ளி, தடித்த எழுத்து.
வில்லுக்குக் கீழே மூன்று சாய்கோடு
நானாகச் சேர்த்தேன்.
புதுக் குறி. பெயர் கேட்டது மென்பொருள்,
'லிந்துலை' என்று கொடுத்தேன்.

போட்டி நுவரெலியாவில்.
மண்டபத்துக்குக் கொங்கிரீட் கூரை, தரையில் கம்பளம்,
ஜன்னல்களில் வெயில்.
கையசைத்தது கணக்கு வாத்தியார் லோகேஸ்வரன்.

நாற்பத்தொன்று வந்தது.
பதினேழு பேரும் நின்றார்கள்.

லோகேஸ்வரன் கையை அசைத்தார். மறுபடி அசைத்தார்.
பிள்ளைகள் அவரைப் பார்க்கவில்லை,
கூரையைப் பார்த்தார்கள்.
நடுவர் ஒருவர் பேனாவை மூடினார்.
கடைசி வரிசையில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது:
என் எழுத்துரு, என் அளவு, என் மூன்று கோடு.
தொடங்காத மழை விட்டுவிட்டது என்று
யார் போய்ச் சொல்வது?

அப்போது கிருசாந்தி
டிரம் குச்சிகளை இடுப்பில் செருகிவிட்டு
தோலின் மேல் நகங்களை வைத்தாள்.
ஒரு நகம். இரண்டு. பிறகு பத்தும்.
தகரத்தில் விழுகிற அதே சத்தம்,
ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து
கொட்டித் தீர்த்து
மெல்ல ஓரத்துக்கே போய் நின்றது.
கடைசிச் சொட்டு விழுந்ததும்
ரெக்கோடர்கள் நாற்பத்திரண்டில் ஏறின.

இரவு கோப்பைத் திறந்து பட்டியலில் தேடினேன்.
கைதட்டலுக்குக் குறி உண்டு, விரல்சொடுக்குக்கு உண்டு.
நகத்துக்கு இல்லை.
டீச்சருக்கு எழுதிக் கேட்டேன்.

ஒற்றை டிக்.