ஆணி அடிக்கும் இடம்

சோலூர்மட்டத்தில் பஸ் திரும்பும் வளைவுக்கு மேலே
நாலு சென்ட் சரிவு.
தவமலர் பெயரில் பட்டா.
அதன்மேல் ஐந்து நாட்டிலிருந்து ஐந்து மாணவர்கள்,
ஒரே ஒரு ரசமட்டம்.

அளவில்தான் முதல் தகராறு.
வெய்க்கோ மில்லிமீட்டரில் யோசிப்பான்.
மரியசூசை மேஸ்திரி
"ஒரு நூல் உள்ள தள்ளு" என்பார்.
எந்த நூல், தைக்கிற நூலா என்று கேட்டாள் அகோசுவா.
அரைக்கால் அங்குலம் என்றேன்.
அரைக்கால் என்றால்?
அன்று மதியம் வரை
வேலை நடக்கவில்லை.

பூ அழகென்று எவரோ கப்பலில் ஏற்றிவந்து
காட்டையே வளைத்துக்கொண்ட உண்ணிச்செடி.
அதை வெட்டி, தோலுரித்து, தூணுக்குத் தூண் பின்னினோம்.
சிமேனாவுக்கு அது புதிதில்லை;
அவள் ஊர் மலையில் நாணலில் பின்னுவார்களாம்.
அகோசுவா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.
திருச்செங்கோட்டில் பிறந்த நான்
மண்ணை மிதிக்க அவளிடம் கற்றேன்.
சிரிக்காதீர்கள், அதற்கும் ஒரு கால்கணக்கு உண்டு.

திரையில் எங்கள் வீடு பேரழகு.
பள்ளத்தாக்கைப் பார்த்து ஆறடி ஜன்னல்,
அதில் மேகம்கூட வரைந்திருந்தான் குவாங்.
தவமலர் கொழுந்துக்கூடையை இறக்காமலே பார்த்தாள்.
"நாள் முச்சூடும் அதத்தான பாக்குறேன்.
காத்து நேரா வந்து அடுப்புல உக்காரும்.
பஸ்ஸு பக்கமா வைங்க.
புள்ள இறங்குறது தெரியணும்."

இரண்டு வார வரைபடம்.
வெய்க்கோ லேப்டாப்பை மெல்ல மூடினான்,
பிறகு திறந்தான்.
பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொன்னான்.
"ஆறு இருவது. மழைன்னா ஏழு."
வரைபட ஓரத்தில், சூரியன் வரும் திசைக்குப் பக்கத்தில்,
6.20 என்று எழுதிக்கொண்டான்.

பூச்சுக்குச் சிமெண்டா சுண்ணாம்பா என்று
மூன்று நாள்.
சிமெண்ட் தொட்டால் நாங்கள் வந்ததே வீண் என்றாள் அகோசுவா.
நாளைக்கு ஒழுகினா இவளா வந்து பதில் சொல்வா
என்றார் மேஸ்திரி.
நடுவில் நான்.
'அவர் மழையைப் பற்றிக் கேட்கிறார்' என்று மட்டும்
மொழிபெயர்த்தேன்.
அது பொய்யில்லை.
முழுசும் இல்லை.

கடைசியில் சுண்ணாம்பு.
கடுக்காய் ஊறிய தண்ணீரில் வெல்லம் கரைத்து
டிரம்மை மூடிவைத்த இரவு
கரடி வந்தது.

விடிந்தபோது டிரம் ஓடைக்குள் கிடந்தது.
முதல் பூச்சு முழங்கால் உயரத்துக்கு நக்கப்பட்டிருந்தது.
அதற்கு மேலே
ஆழமாய் ஐந்து கீறல்.
குவாங் தன் விரல்களை அவற்றில் வைத்துப் பார்த்தான்,
எட்டவில்லை.
மேஸ்திரி கொஞ்சம் வழித்து
மோந்து பார்த்துச் சொன்னார்:
"பதம் சரியாத்தான் வந்திருக்கு."
அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.
அகோசுவா சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கீறலை அப்படியே விடலாம்,
சுற்றிச் சின்னதாய் ஒரு சட்டம் கட்டலாம்
என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம்.
தவமலர் கரணையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.
"ஏம் வீட்டுச் செவுத்துல கரடிக்கு என்ன வேல?"
பூசினேன்.

எல்லோரும் போய் ஏழு மாதம்.
நேற்று குழுவில் ஒரு செய்தி,
தவமலரின் மகள் போனிலிருந்து:
காலண்டர் மாட்டணும், ஆணி எங்க அடிக்கலாம்?

வெய்க்கோ தூண்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்துப் படம் அனுப்பினான்.
ஆணி எவ்வளவு நீளம் என்றான் குவாங்.
அடிக்காதே, முதலில் துளை போடு என்று
சிமேனாவின் நடு இரவிலிருந்து ஒரு குரல்.
அகோசுவா அதை மறுத்தாள்.
நான் எல்லாவற்றையும் தமிழில் தட்டி முடிக்கும்போது
படம் வந்துவிட்டது.

ஜன்னலுக்குப் பக்கத்தில் காலண்டர்.
கண்ணாடிக்கு வெளியே, பனிக்குள்,
பஸ்ஸின் இரண்டு விளக்கு.
ஆணி ஒரு நூல் சாய்ந்திருந்தது.
ஐந்து பேரும் பார்த்தோம்.
ஒருவரும் எழுதவில்லை.