துப்பு

தாப்பா பழைய சாலையில்
டயர் கடைக்கு மேல்மாடி.
ஆறு நாள் பயிற்சி, பன்னிரண்டு பேர்,
மதியத்துக்குப் பொட்டலம் நாசி லெமாக்.
கீழே சக்கரம் கழற்றும் காற்றுத் துப்பாக்கி
டர்ரென்று அலறும்போதெல்லாம்
மேசையில் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுச்
சின்னதாய்ச் சிரிக்கும்.

முதல் பாடம்: காம்பைப் பிடி, வயிற்றைப் பிடிக்காதே.
இரண்டாம் பாடம்: துப்பு.

விழுங்காதே லோஷினி, துப்பு
என்று கறுப்பு வாளியை என் பக்கம் தள்ளினார் மிஸ் ஃபூங்.
படிவம் மூன்றில் கணக்கு வராமல்
துப்புக் கெட்டவள் என்று பேர் வாங்கியவள் நான்.
இரண்டு முறை தாடையில் வழிந்தது.
மூன்றாம் முறை நேராக, ஒரே கோடாக,
வாளியின் நடுவில்.
பக்கத்து நாற்காலி ஜெஃப்ரி,
மலையடிவாரத்து செமாய்க்காரன்,
கை தட்டினான்.

பிறகு மணம்.
அச்சடித்த பட்டியலில் நெல்லிக்காய் இருந்தது,
நம் நெல்லி இல்லையாம் அது.
கறுப்பாய் இன்னொரு பழம்,
அந்த அறையில் யாரும் தின்றதில்லை,
மிஸ் ஃபூங் மட்டும் ஒரு தடவை, ஜாமில்.
தாளின் ஓரத்தில் பென்சிலால்
என் பட்டியலை எழுதிக்கொண்டேன்.
முதல் வெள்ளை: பச்சை ஜம்பு, உப்பில் தொட்டது.
இரண்டாம் வெள்ளை: பெட்ரோல்.
சிரித்தார்கள்.
ஒன்றரை வருடம் எண்ணெய் நிலையத்தில் நின்ற மூக்கு இது,
பொய் சொல்லாது.
விடைத்தாளிலும் பெட்ரோல்தான் இருந்தது.
சிவப்பு: மழை விட்ட செம்பனைக் காட்டில்
லாரிக்குக் காத்திருக்கும் குலைகளை நகர்த்தினால்
அடியில் நசிந்து கிடக்கும் ஈர மட்டை.
அதற்கு அவர்கள் வைத்த பெயர் காட்டுத் தரை.
யார் காடு என்று நான் கேட்கவில்லை.

சிவப்பை அறை வெப்பத்தில் பரிமாறு என்றது புத்தகம்.
யாருடைய அறை?
முப்பத்து மூன்று டிகிரியில் மின்விசிறி
வெந்த காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது.
பதினாறு முதல் பதினெட்டு என்று
மனப்பாடம் செய்தேன்.

அப்பா பாமாயில் லாரி ஓட்டுகிறார்.
ஒரு சொட்டு தொட்டதில்லை.
எங்கள் வரிசையில் சம்சு குடித்து யார் விழுந்தாலும்
தூக்கி வந்து ஒருக்களித்துப் படுக்க வைப்பது அவர்தான்.
"ஊத்திக் குடுக்கிற வேலையா?" என்றார்
சோற்றைப் பார்த்தபடி.
காப்பியும் ஊத்துவேன்ப்பா, தேத்தண்ணியும்.
அது பதில் இல்லை என்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
மலைமேல் ஓட்டல், ஆயிரத்து எழுநூறு வெள்ளி,
தங்க இடம், ராத்திரிக்குப் போர்வை வேண்டும் என்றேன்.
எழுந்து கை கழுவப் போனார்.
குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

பரீட்சைக்கு முந்தின இரவு
இரவல் கோப்பை, காலிப் போத்தல்,
அதில் ரோஸ் சிரப் கரைத்து
ஊற்றிப் பழகினேன்.
கடைசியில் கழுத்துக்கு ஒரு திருகு, சொட்டு விழக்கூடாது.
விழுந்தது.
விரிப்பில் உடனே எறும்பு.
மறுபடி.
மறுபடி.

அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார்,
பனியன், கைலி, தோளில் துண்டு.
"வாடிக்கைக்காரன் வேணாமா?"

முறைப்படி போத்தலின் முகத்தைக் காட்டினேன்.
பிரெஞ்சில் எழுதியதைப் படிக்க
மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.
விருந்துக்கு அழைத்தவருக்குத்தான் முதல் வாய்,
அவர் தலையாட்டினால்தான் மற்றவர்களுக்கு,
என்று சொல்லிவிட்டு
வலப்பக்கம் நின்று ஒரு விரல் உயரம் ஊற்றித்
திருகினேன்.
விழவில்லை.

காம்பைப் பிடித்தார், எங்கே பார்த்தாரோ.
சுழற்றினார். மோந்தார்.
வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
மேசைக்கடியில் என் கால்
வாளியைத் தேடியது.

விழுங்கினார்.

"சீனி கம்மி" என்றார்,
கோப்பையை
இன்னும் கொஞ்சம் என்று நீட்டியபடி.