வியாழக்கிழமை இடாப்பு

வீரையடிக்குளத்தில்
வியாழக்கிழமைகளில் மட்டும்
பிள்ளைகள் குறைவு.

நாலாம் ஆண்டு இடாப்பைத் திறந்தால்
திங்கள் பத்தொன்பது, செவ்வாய் பத்தொன்பது,
புதன் ஒரு காய்ச்சல் போகப் பதினெட்டு,
வியாழன் ஏழு.
மழையில்லை. யானை இறங்கவில்லை.
பொங்கலும் இல்லை, திருவிழாவும் இல்லை.
"இதென்ன வருத்தமடா, கிழமைக்கொருக்கா வாறது?"
முன்வாங்கு மதுசிகன்
கொப்பியை விட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னான்:
"மோட்டச்சைக்கிள் வாற நாள், ரீச்சர்."

அதற்குப் பிறகுதான்
எனக்கும் அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிற்று.
ஒட்டுசுட்டான் பக்கமிருந்து, பத்தரை மணி,
கிரவல் வீதிக் கிடங்குகளில் விழுந்தெழும்பி
கிழமைக்கட்டுக் கடனுக்கு வருகிறவனின் வண்டி.
அது வர முன்னம்
விறகுக்கென்று காட்டோரம் போய்விடுவாள் வீட்டுக்காரி.
"அம்மா இல்லை" என்று சொல்லப்
படலையில் ஒரு பிள்ளை வேண்டும்.
பொய்யைத் தடக்காமல் சொல்லும் வயதுப் பிள்ளை.
அதாவது
என் வகுப்பு.

நாங்கள் அனுப்பிய கடிதங்கள் ஏன் பேசாமல் கிடந்தன என்பதும்
அப்போதுதான் விளங்கிற்று.
'பெற்றோர் கூட்டம். தவறாது சமுகமளிக்கவும்.'
அடியில் வட்ட முத்திரை, ஊதா மை.
முத்திரை விழுந்த தாளென்றால்
தவமலர் பிரிக்கவே மாட்டாள்,
கூரைத் தகரத்துக்கும் வளைக்கும் நடுவில் செருகிவிடுவாள்.
வந்த மூன்று பேரும்
வரவுத்தாளைக் கண்டதும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.
ஒருத்திக்கொருத்தி பிணையென்று
ஐந்து பேராய் முன்பு வைத்த ஒப்பம்
இன்னும் மை காயவில்லை.

அதிபர் பேரின்பநாயகி அதிகம் கதைக்கிற ஆளில்லை.
முத்திரையை லாச்சிக்குள் போட்டார்.
சைக்கிளை எடுத்தார்.
சப்பாத்துக் காசில்லை, வசதிக்கட்டணமில்லை,
வீட்டுக்கு வீடு ஒரே கேள்விதான்:
"வியாழன் பத்து மணிக்கு
எங்கட அடுப்படிக்கு வருவியளோ?"

முதல் வியாழன் இரண்டு பேர்.
பிறகு ஒன்பது.
ஒருத்தி முருங்கையிலை உருவ, ஒருத்தி பயற்றில் கல்லுப் பொறுக்க,
சுகிர்தா கரண்டியோடு வந்து
என் யன்னலில் நின்றாள்.
மூன்று இடப்பெயர்வுக்குள் முடிந்துபோன படிப்பு அவளுக்கு.
"ஏழெட்டு?" என்று கரும்பலகையைத் தட்டினேன்.
வகுப்பு விரல் மடிக்க முன்னம்
"ஐம்பத்தாறு" என்றது யன்னல்.
மகள் மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டாள்,
வெட்கமோ பெருமையோ.

வண்டி வந்தது. கேற்றில் நின்றது.
"பாடசாலை நேரம், தம்பி.
ஒன்றரைக்குப் பிறகு."
டை கட்டிய பொடியன்; கழுத்தெல்லாம் வியர்வை.
கொஞ்ச நேரத்தில்
ஒரு கோப்பை பயற்றங்கஞ்சி கேற்றுக்கு வெளியே போயிற்று.
ஆர் குடுத்துவிட்டதென்று
நான் கேட்கவில்லை.

கடன் அப்படியேதான் இருக்கிறது.
கஞ்சி குடித்தவன் ஒன்றரைக்கு அதே கொப்பியை விரிக்கிறான்.
ஆனால் இப்போது சுகிர்தா
பிள்ளையின் சதுரக்கோட்டுக் கொப்பியில்
வட்டியைத் தானே கூட்டிக்கொண்டு போகிறாள்.
போன கிழமை
இருநூற்றிப் பத்து ரூபா பிழையென்று சொன்னாளாம்.
அவன் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தானாம்.

இடாப்பில் வியாழன்
பதினெட்டு.

தவமலர் இன்னும் வரவில்லை.
படலையில் நிற்பான் சாருஜன்,
அம்மா இல்லையென்று யாருக்கோ சொல்லியபடி.
அவனுடைய கட்டத்தில் பூச்சியம் போட
மனம் வரவில்லை,
மணியடிக்கும்வரை வெறுமையாய் விடுகிறேன்.
அவன் பங்கு முட்டையைச்
சிரட்டையால் மூடிவைத்துவிட்டு
வேப்பமரத்தடியில் அதிபர்
சைக்கிளுக்குக் காற்றடிக்கிறார்.