எட்டடி ஆறங்குலம்

அத்திப்பள்ளி சுங்கச்சாவடி தாண்டியதும்
கண்ணாடியை இறக்கினேன்.
கார்த்திகைக் குளிர், டீசல், எங்கோ மல்லி வறுக்கும் வாசம்.
பக்கத்து இருக்கையில் மாசிலாமணி
நாற்பது பக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு
தங்குமிடங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வீட்டின் உயரம் எட்டடி ஆறங்குலம்.
சேலத்தில் ஏலத்துக்கு வந்தது. முன்பு ஆம்புலன்ஸ்.
படுக்கை இருந்த இடத்தில் படுக்கை.
ஆக்சிஜன் நின்ற மூலையில் கேஸ் சிலிண்டர்.
நெற்றியில் திருப்பி எழுதியிருந்ததை
மூன்று தடவை சுரண்டி, இரண்டு தடவை வெள்ளையடித்தும்
வெயில் சாய்ந்து விழும்போது தெரிகிறது,
ஸ்டிக்கர் பொட்டை எடுத்த பிறகும்
தோலில் நிற்கிற வட்டம் மாதிரி.

சர்ஜாபூரில் சித்தி மகன் ஃப்ளாட்.
விருந்தினர் வண்டிகள் நிலவறையில்.
வாசலில் சங்கிலி கட்டித் தொங்கிய பலகை: ஏழடி.
"மேலேயே நிறுத்தலாமா?"
"மேலே அசோசியேஷன்" என்றான் காவல்காரப் பையன்
ஏதோ தெய்வத்தின் பெயர்போல.

கனகபுரா சாலையில், முப்பத்திரண்டாம் கிலோமீட்டரில் மாந்தோப்பு.
இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு, கேம்ப்ஃபயர் தனி.
போனில் காட்டிய படத்தில் நாய்கூடச் சிரித்தது.
"கடலைக்காய்ப் பரிஷேக்கு வந்தோமா
மாங்காய்க்கு வந்தோமா?" என்றேன்.
அடித்தார்.

கல்யாண மண்டபத்தில் அன்று முகூர்த்தம் இல்லை.
மேனேஜர் முதலில் தலையாட்டினார்.
பிறகு வண்டியின் முன்பக்கம் போய்
கொஞ்ச நேரம் நின்றார்.
வெயில் சாய்ந்திருந்தது.
"அம்மா, பேடா" என்றார், மிக மெதுவாக.
கோபம் வரவில்லை.
என் மகள் நிச்சயதார்த்தமென்றால்
நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், இன்னும் சத்தமாக.

மெட்ரோ முடிகிற இடத்துக்குப் பக்கத்தில்,
ஒரு நர்சிங் ஹோமின் பின்சுவரை ஒட்டி
நஞ்சுண்டப்பாவின் காலி மனை, இரண்டு பசுக்கள்.
"இருநூறு. தண்ணி எட்டு மணிக்குள்ள."
என்ன வண்டி என்று கேட்கவில்லை.
எலுமிச்சம்பழம் ஒன்றை வண்டித் தரையில் வைத்தேன்.
உருளவில்லை.
இங்கேதான் என்றேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குக் கதவு தட்டப்பட்டது.
குரங்குக் குல்லாய் போட்ட ஒருவர்.
"கோலாருக்கு எஷ்டு?"
கையில் பாலிதீன் பை,
அதற்குள் ஒரு ஜோடி பெண் செருப்பு.

விளக்கைப் போட்டுக் கதவை முழுக்கத் திறந்தேன்.
கொடியில் துண்டு, அஞ்சறைப் பெட்டி,
போர்வைக்குள்ளிருந்து மாசிலாமணியின் பாதங்கள்.
"மனெ" என்றேன் எனக்குத் தெரிந்த கன்னடத்தில். "இது மனெ."
"மனெ" என்று அவரும் சொன்னார்,
பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

நான் திரும்புவதற்குள்
மாசிலாமணி சட்டைக்குள் ஒரு கையை நுழைத்திருந்தார்.
கோலார் எண்பது கிலோமீட்டர் இருக்கும்.
மடக்குப் படுக்கையை விரித்தால் ஆறடி.
நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
சாவி எங்கே என்று நான் தேடும்போது
தெருமுனையில் நீல விளக்கு சுழன்று
நிஜ வண்டி ஒன்று பின்பக்கமாக வந்தது.
அவர் கைகூப்பிவிட்டு ஓடினார்.
கதவு இரண்டாய்த் திறந்து சாத்துகிற அந்தச் சத்தம்
எங்கள் கதவுக்கும் உண்டு.

மறுநாள் பசவனகுடி.
மலை மலையாய்க் கடலைக்காய்.
பச்சை, வறுத்தது, அவித்தது;
இரண்டு படி வாங்கினோம்,
ரயிலில் உட்கார இடமில்லை.

நஞ்சுண்டப்பாவுக்கு ஒரு கூம்பு கொடுத்தோம்.
இன்னும் எத்தனை நாள் என்றார்.
"வேறு இடம் பார்க்கட்டுமா?" என்று நானும் கேட்டேன்
உள்ளே வந்ததும்.

மாசிலாமணி நோட்டைத் திறந்தார்.
அடிக்காமல் மிச்சமிருந்த ஒரே வரிக்குக் கீழே எழுதினார்:
தண்ணீர் உண்டு. தரை சமம்.
மெட்ரோ ஆறு நிமிடம்.
இரவில் ஒருவர் வரலாம்.

சாவியை ஆணியில் மாட்டினேன்,
இருட்டிலும் கைக்கு எட்டுகிற உயரத்தில்.
படுக்கை முழுக்கக் கடலைத் தோல்.