அடுத்த ரப்பர்

தோட்டத்துக் கிளப்பை இடிப்பதற்கு முதல் நாள்
எண்பது வெள்ளிக்கு ஏலம் எடுத்து வந்தார்.
லோரியிலிருந்து நான்கு பேர் இறக்கினார்கள்:
தோள் உருண்ட வெள்ளை ஐஸ்பெட்டி,
முழங்கால்வரை துரு,
உள்ளே இரண்டு பல்லி முட்டை.
ஓடுமா என்றேன்.
ஓடாமல் எங்கே போகும் என்றார்.

என் வீட்டுக்காரர் பெயர் சன்னாசி.
இதுவரை எதையும் துறந்ததில்லை.

முதல் வேலையாகத் தாழ்ப்பாளின் நாக்கைக் கழற்றினார்.
அந்தக் காலத்துப் பூட்டு, உள்ளிருந்து திறக்காது.
பக்கத்து வீட்டு ஹரிணிக்கும் அவள் தம்பிக்கும்
ஒளிந்து விளையாட எந்த இடமும் போதாத வயது.
நாக்கை ஒரு மைலோ டின்னில் போட்டு
என் பக்கம் தள்ளினார்:
"எழுது."

அன்றிலிருந்து அவர் கழற்ற, நான் எழுத.
கொசுக்கால் ஸ்பிரிங்.
மாமியார் மூக்கு ஸ்க்ரூ.
அழுகிற குழாய்.
கம்பெனிக்காரன் வைத்த பெயர்
எங்கள் இருவருக்கும் தெரியாது.
பதினோரு டின் நிறைந்தது.
சாமி மேடைக்குக் கீழே நான்கு,
தையல் மிஷின் மேல் மூன்று,
மற்றவை எங்கே என்று
இருட்டில் தடுக்கும்போது தெரியும்.

வயர் மாற்றி, ரிலே மாற்றி,
மூன்றாம் ஞாயிறு
மோட்டார் கனைத்துக்கொண்டு எழுந்தது.
கதவுதான் ஒட்டவில்லை.
சுற்றிலும் இருந்த ரப்பர்
தொட்டால் அப்பளமாக நொறுங்கியது.

லாபிஸ் கடைத்தெரு முழுக்கக் கேட்டாயிற்று.
என் அம்மா முப்பது வருஷம் பால் வெட்டிய ஊர்.
ஒரு கதவைச் சுற்ற ஏழு முழம் ரப்பர் இல்லை.
மரமே இல்லை, எல்லாம் செம்பனை.

மூவாரில் லிம் தவுக்கே போனில் அளவு கேட்டார்.
கல்யாணச் சட்டைக்கு எடுப்பதுபோல்
கதவின் நான்கு பக்கமும் நான் டேப் பிடித்தேன்.
எழுபது வெள்ளி என்றார் தவுக்கே.
இரண்டு அனுப்புங்கள் என்றார் இவர்.
எதற்கு இரண்டு?
"ஒன்று பத்து வருஷம் தாங்கும்.
அப்புறம் எங்கே போய்த் தேடுவது?"

அன்று காலையில்தான் சிகாமட் ஆஸ்பத்திரியில்
அவருடைய இடது பெருவிரலைத் திருப்பிப் பார்த்த டாக்டர்
ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றினாள்.
அடுத்த தேதி மூன்று வாரத்தில் என்று
அட்டையில் எழுதினாள்.

பத்து வருஷம், என்றார் மறுபடியும்.
தவுக்கேக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

பார்சல் பஸ்ஸில் வந்தது.
ஹரிணியின் அம்மா தலை காயவைக்கும் மிஷினால்
சூடு காட்டிக் காட்டி
மூலைகளை வளைத்தோம்.
ஒரு வெள்ளி நோட்டை இடுக்கில் வைத்துச் சாத்தி
இழு என்றார்.
வரவில்லை.
பலமாக இழு என்றார், கிழிந்தாலும் பரவாயில்லை.
ஒரு வெள்ளி போனதில்
இவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்ததில்லை.

இப்போது அதில் சிராப் போத்தலும்
பிள்ளைகளின் ஐஸ்கட்டியும் இருக்கின்றன.
இன்சுலின் மட்டும் புதுப் பெட்டியில்.
அந்த ஒரு விஷயத்தில்
நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாவது ரப்பரை மடிக்கக் கூடாது,
ஆணியில் மாட்டக் கூடாது,
வெயில் ஆகாது.
கட்டிலுக்கடியில் நீளமாகக் கிடத்தி
குட்டிக்கூரா பவுடரைக் கொட்டித் தடவினேன்,
குளிப்பாட்டி எடுத்த பிள்ளைக்குத் தடவுவதுபோல.
கையில் மிச்சம் ஒட்டியிருந்ததை
அவருடைய வலது கால் விரலிடுக்குகளில்.

"எழுது," என்றார்.
என்னவென்று?
"கதவு ரப்பர். அடுத்தது."
வருஷம் போடவா?

அடுப்படியில் மோட்டார்
ஒருமுறை உதறிக்கொண்டு நின்றது.
அதன் வழக்கம் அது, குளிர் போதுமென்றால் நிற்கும்.
அது நின்ற பிறகுதான்
அவ்வளவு நேரம் சத்தம் இருந்தது தெரியும்.

"போடு," என்றார்.
"பென்சிலில் போடு."