தரையிலிருந்து நாலரை அடி

படிவம் ஏழு, பத்தி மூன்று:
தரையிலிருந்து நாலரை அடியில்
முப்பது சென்டிமீட்டர் சுற்றளவு இருந்தால்
அது மரம்.
அதற்குக் குறைந்தால் செடி.
செடியை வெட்ட யாரிடமும் கேட்க வேண்டாம்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவர்
தண்ணீர்த்தொட்டி ஆபரேட்டர் நாகூர்கனி.
மூக்கையூர் ரோட்டுக்குத் தெற்கே
ஏழேகால் ஏக்கர்.
மஞ்சள் அடித்த கல் ஊன்றியாகிவிட்டது,
கொடி கட்டியாகிவிட்டது,
மனைப்பிரிவுக்குப் பெயரும் வந்துவிட்டது: சீ ப்ரீஸ் அவென்யூ.
ஊராட்சிச் செயலர் என்று நான் போட வேண்டிய
மரக்கணக்கு ஒன்றுதான் பாக்கி.

பனை நாற்பத்தொன்று.
அதற்குத் தனித் தாள், கலெக்டர் வரைக்கும் போகும்.
வேம்பு இரண்டு; ஒன்றைப் பாதி உப்பு தின்றிருந்தது.
பூவரசு ஒன்று.
சீமைக்கருவேலை எண்ண வேண்டாமென்று
படிவமே சொல்லிவிட்டது,
அந்த மட்டுக்கும் நிம்மதி.

பிறகு உடைமரம்.

ஆடிக் கச்சான் வருஷா வருஷம் அமுக்கிய அமுக்கில்
வடகிழக்கே சாய்ந்து
மணலோடு மணலாய் ஏழெட்டு முழம் ஊர்ந்து
அதற்கப்புறம்தான் குடை விரித்திருந்தது.
அடியில் பதினெட்டு ஆடு.
ஓர் ஆட்டின் மீதும் வெயில் இல்லை.

நாலரை அடிக்கு டேப்பைத் தூக்கிப் பிடித்தோம்.
அங்கே காற்றுதான் இருந்தது.

"செடின்னு போட்டுருங்க மேடம்" என்றார்
சைட் இன்ஜினியர் தினகர்.
"உங்க திருப்திக்குப் பத்துப் புங்கன் நட்டுத் தர்றேன்."
கெட்ட மனிதர் இல்லை.
வந்ததும் எங்கள் இருவருக்கும் நுங்கு வாங்கித் தந்தவர்.
லாரியில் வந்த கன்றுகள்
கறுப்புப் பைக்குள்ளேயே
மூன்று நாளாய்த் தலை கவிழ்ந்திருந்தன.
வரைபடத்தில் பூங்காவும் உண்டு,
வடமூலையில், பச்சை மையில்.
போய்ப் பார்த்தேன். உவர்ப்பள்ளம்.
அந்த மையைத் தவிர
வேறு பச்சை அங்கே பிடிக்காது.

திரும்பி வந்து
பத்தி மூன்றை வாய்விட்டு வாசித்தேன்.
நாகூர்கனிதான் கேட்டார்:
"நாலரை அடி, சரி.
மேலேன்னு எங்க போட்டிருக்கு?"

போடவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு
மரம் போன வழியே முட்டி போட்டுப் போனோம்.
முள்ளில் சேலை மாட்டியது.
ஒரு கிடா எழுந்து வழி விட்டது,
மற்றவை அசையவில்லை.
வேரிலிருந்து நாலரை அடியில்
சுற்றளவு நூற்றுப் பதினொன்று.
உயரம் என்ற கட்டத்தை அடித்து
நீளம் என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டேன்.

கடலாடியிலிருந்து ஒன்பதாம் நாள் தாள் திரும்பியது.
"கட்டத்தைத் திருத்தியதற்கு விளக்கம் தருக."
விளக்கத்தை இதுவரை மூன்று முறை எழுதிக் கிழித்திருக்கிறேன்.

இதற்கிடையில் ஒரு தகவல்:
மரம் கிடக்கும் மனை எண் இருபத்தேழுக்கு
முன்பணம் வாங்கிவிட்டார்களாம்.
வாங்கியவர் ஹபீப் நெய்னா,
தமாமில் கிரேன் ஓட்டுகிறார்.
நம்பர் எப்படிக் கிடைத்ததோ,
நேற்று ராத்திரி எனக்கே போன் வந்தது.

சண்டைக்குத்தான் என்று நினைத்து
படிவத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"போட்டோ பார்த்தேன் மேடம்.
காலையில அதோட நிழல்
எந்தப் பக்கம் விழும்?"

நாங்கள் அளந்தது உச்சிப்பொழுதில்.
காலையில் ஒருநாளும் அங்கே போனதில்லை.

பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.