எடைப்பாலம்

விளம்பரத்தை நான்தான் தட்டச்சு செய்தேன்,
நான்கு வருடமாய் நானே பார்த்துவரும் வேலைக்கு.
என்னென்ன வேலை என்று உனக்குத்தானே தெரியும்,
நீயே எழுது என்றார் மிஸ்டர் சொங்.

எழுதினேன்.
லோரி வந்ததும் நிறை எடை,
பழம் கொட்டியதும் வெறும் எடை.
காய்க் குலையைக் கண்டதும் தள்ளிவிட வேண்டும்,
தள்ளியபின் டிரைவரின் வாயைத் தாங்க வேண்டும்.
ஐந்து ஏக்கர்க்காரன் வீட்டில் கல்யாணம் என்றால்
வெள்ளிக்கிழமைக் காசை
வியாழனே எடுத்துவைக்கத் தெரிய வேண்டும்.
மழை நாளில் செம்பனையோடு ஏறிவரும் தண்ணீருக்கு
எத்தனை கிலோ கழிப்பது என்று
கண்ணாலேயே சொல்ல வேண்டும்.

படித்தார். தலையாட்டினார்.
அடியில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தார்:
பட்டதாரியாக இருத்தல் அவசியம்.
அதற்குக் கீழே, அனுபவம் என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு கோடு.
ஏதாவது எண் போட்டுக்கொள் என்றார்.

அந்த ஒரு எண் மட்டும் என் கையில் இருந்தது.
பதினொன்று என்று போட்டேன்.
இந்த சா'ஆ டவுன் முழுக்கத் தேடினாலும்
அது என் ஒருத்திக்குத்தான் பொருந்தும்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு அழித்துவிட்டு மூன்று போட்டேன்.
எல்லோரும் மூன்றுதான் போடுகிறார்கள்.

மூன்று வருடம் உள்ள யாரும் வரவில்லை.
யுகேந்திரன் வந்தான்,
மாமாவின் மோட்டாரில்,
பிளாஸ்டிக் உறைகள் நிறைந்த நீலக் கோப்போடு.
ஜோகூர் பாருவில் இரண்டு வருடம் சோறு டெலிவரி.
அதை மட்டும் கோப்பில் எழுதவில்லை.
வெயிலில் கறுத்த கையில்
கடிகாரம் இருந்த இடம் வெளுத்திருந்தது.

கதவு முழுதாய்ச் சாத்தவில்லை.
ஈரப் பழத்துக்கு எவ்வளவு கழிப்பாய் என்று கேட்டார்கள்.
தெரியாது சார் என்றான்.
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.
பதினோரு வருடத்தில்
அந்த வார்த்தையை நான் ஒருநாளும் சொன்னதில்லை.
அதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் இருக்கத்தான்
டிகிரி போல.

மாலையில் இரண்டு கடிதம் அடித்தேன்.
அவனுக்கு ஒன்று:
பட்டம் உள்ளது, மகிழ்ச்சி.
அனுபவம் இல்லாத காரணத்தால்
மாதம் இரண்டாயிரத்து நூறு வெள்ளி.
எனக்கு ஒன்று, வருட மதிப்பீடு:
அனுபவம் உள்ளது, நன்றி.
பட்டம் இல்லாத காரணத்தால்
மாதம் இரண்டாயிரத்து நூறு வெள்ளி.
முதல் கடிதத்தை அப்படியே நகலெடுத்து
பெயரையும் மூன்று நான்கு சொல்லையும் மாற்றினேன்.
ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் அவன் எனக்கு மேலே.
கையெழுத்துப் போட வந்தபோது
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
காட்டக் கூடாதுதான்.
இரண்டு கடிதத்தையும் படித்தான்.
சிரிக்கப் போனவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

வெளியே மழை விட்டிருந்தது.
ஆலையின் புளித்த வாடை தரையோடு படுத்திருந்தது.
போகும் வழியில் எதற்கோ மோட்டாரோடு
எடைப்பாலத்தில் ஏறி நின்றான்.
எவ்வளவு அக்கா?
நூற்றெண்பது என்றேன் ஜன்னல் வழியே.
கோப்பை எடுத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு
இப்போ? என்றான்.
நூற்றெண்பது.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
இந்தப் பாலம் கண்டுகொள்ளாது என்றேன்.

நீங்க ஏறிப் பாருங்க என்றான்.
இறங்கிப் போய் ஏறினேன்.
என் பதினோரு வருடத்தை
எங்கே கழற்றி வைப்பது என்று தெரியவில்லை.
அதோடேயே நின்றேன்.
கண்ணாடிக்குள் சிவப்பு எண் இருநூற்று நாற்பது.
என் உடம்புக்கு அது சரிதான்.

கேட்டுக்கு வெளியே லோரி ஹாரன் அடித்தது.
அதற்குப் பின்னால் இன்னும் ஆறு, நனைந்த குலைகளோடு.
மோட்டாரைத் தள்ளிக்கொண்டு அவன் இறங்க
நானும் இறங்கினேன்.
எண் சுழியத்துக்கு வரும்வரை காத்திருந்து
முதல் லோரிக்குக் கை காட்டினேன்.

கோப்பு சுவரிலேயே இருந்தது.